பன்னிரண்டு படத்தில் ஒரு நடை

அத்தியாயம் 14

வனிதா வந்து மூன்று நாள் ஆயிற்று. சென்னையில் சினிமாக் கல்லூரியில் அனிமேஷன் படிக்கிறவள், கடைசி வருஷத்துப் படத்தை முடிக்கிற நேரத்தில், தோளில் ஒரு பையும் கையில் கல்லூரி ரெக்கார்டருமாக நடுவட்டத்தில் பஸ் இறங்கினாள். எதற்கு வந்தாய் என்று யாரும் கேட்கவில்லை. சத்தம் பிடிக்க வந்தேன் என்று அவளாகவே சொன்னாள்.

மூன்று நாளில் பால்மேடு எஸ்டேட்டில் அவள் பிடிக்காத சத்தம் இல்லை. குழாயடியில் குடம் வைக்கிற சத்தம். லயத்து வரிசைவீடுகளின் தகரத்தில் பனி சொட்டுகிற சத்தம். பக்கத்து வீட்டு மூக்கம்மாவின் இருமல்கூட ரெக்கார்டருக்குள் போய்விட்டது.

ஒரு சத்தம் பாக்கி.

"அப்பா, ஒரு பத்து நிமிஷம் நடந்து காட்டுங்கப்பா. செருப்போட. போதும்."

பாண்டியன் வாசலில் குந்தித் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தான்.

"எங்கிட்டு நடக்கணும்?"

"மேட்டுப்பாதையில. பங்களாவுக்கு ஏறுற கல்லுப்படி இருக்குல்ல, அதுல."

டம்ளர் வாய்க்குப் போகிற வழியில் நின்றது. கொஞ்சம் நின்று, பிறகு போனது.

"அங்கிட்டு எதுக்கு? இந்த வாசல்லயே நடக்குறேன். பிடிச்சுக்க."

"இது மண்ணுப்பா. எனக்குக் கல்லு வேணும்."

"கால் வலிக்குது புள்ள. டூட்டிக்கும் நேரமாச்சு."

டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போனான். அடுப்பங்கரையிலிருந்து விஜயா பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் கேட்டு அவன் இல்லை என்று சொன்னது அவளுக்குத் தெரிந்து இதுதான் முதல் தடவை.

பாண்டியன் பூட்டிக் கிடக்கிற ஃபேக்டரிக்கு வாட்ச்மேன். முன்னே அதே ஃபேக்டரியில் இலை அரைக்கும் ரோலர் ஓட்டினவன். ஆறு வருஷமாகத் தேயிலைக்கு விலை இல்லை. முதலில் ஆளைக் குறைத்தார்கள். பிறகு ஃபேக்டரியையே பூட்டினார்கள். கொழுந்தை லாரி வந்து வேறெங்கோ அள்ளிப் போகிறது. காலையில் பெயர் கூப்பிடுகிற பெரட்டு வாரத்தில் மூன்று நாள்தான். மற்ற நாளில் ஆட்கள் கேரட் கழுவப் போகிறார்கள், இல்லையென்றால் படுத்துக் கிடக்கிறார்கள்.

இன்று பெரட்டு உண்டு. விஜயா இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"அப்பாவுக்கு வெக்கம்" என்றாள் வனிதா. "நீங்கதான் ஹீரோன்னு அவருகிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும்."

"அவரா? என்ன படம்டி அது?"

"சாயந்தரம் பாக்கத்தான போறீங்க."

"இப்பச் சொல்லு."

வனிதா பையிலிருந்து ஒரு தாள்கட்டை எடுத்தாள். மெல்லிய தாள்கள். ஒவ்வொன்றின் அடியிலும் மூன்று துளை. இடது கையால் ஓரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"கண்ணச் சிமிட்டாதீங்கம்மா."

கட்டைவிரல் தாள்களை விட்டது. ஒரு ஆள் நடந்தான்.

முகம் இல்லை. தலையில் துண்டுக்கட்டு மட்டும். வலது தோள் முதலில் போயிற்று. இடது கால் வெளிப்பக்கமாக அரைவட்டம் போட்டுப் பின்னால் வந்து சேர்ந்தது. அப்புறம் மறுபடி தோள். விஜயா இருபத்துநாலு வருஷமாகப் பின்னால் நடந்து பார்த்த நடை.

அவளை அறியாமல் சிரித்துவிட்டாள்.

"அடியே, அப்பிடியே இருக்கு. அந்தக் காலு!"

"ரெண்டு மாசம் இதுக்கே போச்சும்மா. பன்னெண்டே படந்தான். திருப்பித் திருப்பி ஓடவிட்டா எவ்வளவு தூரம்னாலும் நடப்பாரு. எங்க சார் பாத்துட்டு, இந்த ஆள எனக்குத் தெரியும்போல இருக்குன்னாரு. அப்பாவ அவரு பாத்ததே இல்ல."

"எங்க நடக்குறாரு?"

வனிதா இன்னொரு தாளை விரித்தாள். நீளத்தாள். பாய் விரிப்பதுபோல் தரையில் உருட்டி விட்டாள். இடது கோடியில் லயம். பிறகு எஸ்டேட் கேட். ஃபேக்டரி, புகைக்கூண்டு. யூகலிப்டஸ் மரங்கள். அதற்கப்புறம் கல்லுப்படி, வளைந்து வளைந்து மேலே. வலது கோடியில் துரையின் பங்களா, ஒரே ஒரு விளக்கு.

விஜயாவின் சிரிப்பு நின்றது.

"நான் பத்தாவது படிச்சேன்ல, ஸ்ட்ரைக் டைம்ல? ஒருநாள் விடியக்காலம் முழிப்பு வந்திருச்சு. ஜன்னல் வழியாப் பாத்தா அப்பா மேட்டுப்பாதையில ஏறுறாரு. தனியா. கையில டார்ச் இருக்கு, ஆனா அடிக்கல. எனக்கு அழுகையே வந்துருச்சும்மா."

"எதுக்கு?"

"தெரியல. அந்த வருஷந்தான என்னைக் குன்னூர் ஹாஸ்டல்ல சேத்தீங்க? எனக்காகத் தொரகிட்ட சிபாரிசு லெட்டர் கேக்கத்தான் போனாருன்னு அப்பவே நெனச்சேன். படமே அவ்வளவுதான். நாலு நிமிஷம். ஒரு அப்பா ஏறுறாரு."

விஜயா அந்த நீளத்தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள். மகள் எதையும் விடவில்லை. கேட்டில் கொடி. கேட்டுக்குக் குறுக்கே சங்கிலி. புகைக்கூண்டில் புகை இல்லை.

அந்த வேலைநிறுத்தம் பதினேழு நாள். ஃபேக்டரியில் முப்பது பேர். பன்னிரண்டு பேரை மட்டும் வைத்துக்கொள்கிறோம் என்றது நிர்வாகம். எல்லாரும், இல்லாவிட்டால் ஒருத்தரும் வேண்டாம் என்றார்கள் இவர்கள். முதல் நாள் ராத்திரி மாரியம்மன் கோயில் வாசலில் சூடம் ஏற்றினார்கள். முப்பது பேரும் வரிசையாக வந்து, எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தார்கள். தன் பெயரைச் சேர்க்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டு எவனும் மேட்டுப்பாதையில் கால் வைக்கக் கூடாது. பிள்ளைகள் அப்போது தூங்கியிருந்தார்கள்.

பாண்டியனும் அடித்தான். உள்ளங்கையில் கொப்புளம் கண்டது. விஜயாதான் எண்ணெய் தடவினாள்.

பத்தாம் நாள் அவள்தான் சொன்னாள். வேல போனா புள்ள படிப்பு நின்னுரும், அவ பரீட்சை எழுதட்டும், போய் ஒங்க பேருக்கு ஒரு வார்த்தை கேளுங்க. அவ்வளவுதான் சொன்னாள். அவன் மாட்டேன் என்றான். மறுநாள் விடியுமுன் எழுந்து போனான்.

வேலைநிறுத்தம் முடிந்து பெயர்ப் பட்டியல் வந்தபோது பன்னிரண்டாவது பெயர் பாண்டியன். அவனுக்கு நாலு வருஷம் மூத்த ரோலர்காரன் ஒச்சப்பனின் பெயர் இல்லை. மூக்கம்மாவின் புருஷன். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். ஒச்சப்பனுக்குக் கை மெதுவாகிவிட்டது என்று துரை சொன்னதாகச் சொன்னார்கள். மற்றவர்கள் நம்பினார்களோ இல்லையோ, ஒச்சப்பன் நம்பினான். திருப்பூரில் சாயப்பட்டறைக்குப் போனான். முதலில் பண்டிகைக்கு வந்தான். இப்போது இரண்டு பொங்கலாக வரவில்லை.

"வனிதா, அந்தப் பாதைய எடுத்துரு."

"எதம்மா?"

"அவர வேற பக்கம் நடக்க விடு. ஆத்துப் பக்கம் விடேன். நல்லாத்தான இருக்கும்."

"அம்மா, திங்கக்கெழம நான் படத்தக் குடுக்கணும். எண்ணூறு தாள் வரைஞ்சிருக்கேன்."

"சரி, இங்க காட்ட வேணாம்."

"மூக்கம்மா பெரியம்மா படம் போடப் புள்ள மடுவத்தக் கழுவி வெச்சிருக்காங்க. டிவி சொல்லியாச்சு. நாளைக்கு நான் போகணும். ஏம்மா? என்ன?"

விஜயா வாய் திறந்தாள். மகளின் விரலில் பென்சில் பிடித்துப் பிடித்துக் காய்ப்பு ஏறியிருந்தது. தன் விரலில் இருப்பது மாதிரியே, ஆனால் வேறு இடத்தில்.

"ஒண்ணுமில்ல. பெரட்டுக்கு நேரமாச்சு" என்றாள்.

*

மலையில் கத்திரிச் சத்தம். விரலால் கிள்ளுகிற காலம் போய்விட்டது. விலையில்லாத இலைக்கு இது போதும் என்று கத்திரியைக் கொடுத்துவிட்டார்கள். விஜயா வெட்டினாள். பக்கத்து நிரையில் தெய்வம்மா.

"ஏன் விஜயா, ஒம்மக சினிமாவுல நான் இருக்கேனா?"

"இல்ல."

"இருந்தா நல்ல சேலையா வரையச் சொல்லு. இந்தக் கிழிஞ்ச படங்கோட வரைஞ்சிறப் போறா."

"நீ இல்ல தெய்வம்மா."

"அப்ப எதுக்கு நான் பாக்க வரணும்? வரத்தான் போறேன், வெச்சுக்க. ஆனா கேக்குறேன்."

மத்தியானம் எடை போட்டதும் விஜயா சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு ஃபேக்டரிக்குப் போனாள். மற்ற நாளில் அவன் வந்து சாப்பிட்டுப் போவான். அவள் வருவதைப் பார்த்ததும் பாண்டியன் எழுந்து நின்றான்.

"என்ன?"

"அவ வரைஞ்சிட்டா."

"எத?"

"நீங்க பங்களாவுக்குப் போனத."

அவன் மறுபடி உட்கார்ந்தான். கவிழ்த்துப் போட்ட பழைய தேயிலைப் பெட்டி. அவன் வாட்ச்மேனான பிறகு அதில் உட்காரும் இடம் குழிந்திருந்தது.

"பாத்தாளா அன்னைக்கு?"

"பாத்திருக்கா. ஜன்னல் வழியா."

"என்னன்னு நெனச்சுக்கிட்டிருக்கா?"

"ஒங்கள சாமின்னு நெனச்சுக்கிட்டிருக்கா."

பாண்டியன் தூக்கைத் திறந்தான். சோற்றைப் பார்த்தான். மூடினான்.

"மொகம் வரைஞ்சிருக்காளா?"

"மொகம் இல்ல. நடை."

"நடையா?"

"லயத்துல ஒரு பச்சப்புள்ளகூடச் சொல்லிரும், யாருன்னு."

"அப்ப நீ அவகிட்டச் சொல்லிரு. உள்ளதச் சொல்லிரு. காட்ட மாட்டா."

"சொல்லலாம். அப்புறம் அவ படம் என்னத்துக்கு ஆகும்? ரெண்டு மாசம் ஒங்க காலையே வரைஞ்சிருக்கா."

காற்று வந்து தகரக் கதவைத் தட்டிவிட்டுப் போனது. உள்ளே காலி ஹால். ரோலர்களை ஏலத்தில் எடுத்துப் போய்விட்டார்கள். போல்ட் இருந்த ஓட்டைகள் மட்டும் தரையில்.

"யாருக்கும் ஒண்ணும் தோணாது" என்றான் பாண்டியன். "பொம்மப்படந்தான."

"ஆமா."

"சிரிப்பாங்க. போயிருவாங்க."

"ஆமா."

"நான் வரல."

"நீங்க வரலேன்னாத்தான் தேடுவாங்க" என்றாள் விஜயா. "சாப்புடுங்க. ஆறிரும்."

*

ஆறு மணிக்குப் புள்ள மடுவம் நிறைந்துவிட்டது. அம்மாக்கள் மலைக்குப் போகிற நேரத்தில் பிள்ளைகளை விடுகிற நீளமான அறை. மூக்கம்மாதான் ஆயா. வனிதாவும் இங்கே ஏணையில் கிடந்து வளர்ந்தவள்தான். பசியெடுத்தால் அழமாட்டாள், விரலால் சுவரைச் சுரண்டுவாள் என்று மூக்கம்மா இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள். நடுவட்டத்துக் கடையிலிருந்து வந்த டிவியும் சிடி பிளேயரும் தொட்டிலை ஓரம் தள்ளிவிட்டு மேஜைமேல் இருந்தன.

"பெரியம்மா, முன்னாடி ஒக்காருங்க."

"கண்ணு கூசும்டி. இங்கிட்டே இருக்கேன்" என்றாள் மூக்கம்மா. இன்னும் அழைத்துப் போக வராத யாரோ ஒருத்தியின் குழந்தை அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது.

முதலில் வனிதாவோடு படிக்கிறவர்களின் படங்கள் ஓடின. ஒன்றில் களிமண் எறும்பு ஒரு சர்க்கரைக் கட்டியைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறியது. டிக்கெட் கேட்டபோது சர்க்கரையைக் கொஞ்சம் கடித்துக் கொடுத்தது. பிள்ளைகள் கத்தினார்கள். இன்னொன்றில் மொட்டைமாடிக் கொடியில் காய்கிற சட்டைகள் ஒன்றையொன்று கையால் அடித்துக்கொண்டன.

"இதுக்கா காலேஜு?" என்றாள் தெய்வம்மா. "எங்கூட்டுக் கொடியில தெனமும் நடக்குது."

"இந்தச் சட்டச் சண்டைக்கு ஆறு மாசம் ஆச்சு அத்தே."

"ஆறு மாசத்துல ரெண்டு சட்ட தைச்சிருக்கலாம்."

எல்லாரும் சிரித்தார்கள். விஜயாவும் சிரித்தாள். வாசலைப் பார்த்தாள். பாண்டியன் வந்திருந்தான். உள்ளே வரவில்லை. நிலைப்படிக்கு வெளியே, துண்டைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு.

"அடுத்தது என்னோடது" என்றாள் வனிதா. "இன்னும் சத்தம் சேக்கல. ஊமையாத்தான் ஓடும்."

திரை இருண்டது. பிறகு லயம் தெரிந்தது. ஒரு கதவு திறந்தது. துண்டுக்கட்டோடு ஒரு ஆள் வெளியே வந்து நடந்தான்.

மூன்று எட்டு வைப்பதற்குள் ஒரு சிறுமி கத்திவிட்டாள்.

"பாண்டி மாமா!"

மடுவம் அதிர்ந்தது. பாண்டியண்ணன் நடைடி அது! அந்தக் கால் பாரு, கோலம் போட்டுக்கிட்டுப் போகுது! யாரோ திரும்பி வாசலைக் காட்டினார்கள். அண்ணே, சினிமாவுக்கு வந்துட்டீங்களே! தெய்வம்மா எழுந்து நின்று தோளை முன்னால் விட்டு அதேபோல் நடந்து காட்டினாள். வனிதாவின் முகம் மினுங்கியது. அவள் படத்தைப் பார்க்கவில்லை. பார்க்கிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரையில் அந்த ஆள் கேட்டைத் தாண்டினான்.

"எங்கிட்டுப் போறாரு உங்கப்பன்? பொண்டாட்டி வெரட்டிட்டாளா?"

"பாருங்க அத்தே, பாருங்க."

ஃபேக்டரி வந்தது. யூகலிப்டஸ் வந்தது. முதல் கல்லுப்படி. தோள், பிறகு கால். தோள், பிறகு கால்.

"புள்ள" என்றாள் மூக்கம்மா. "அந்தக் கேட்டுல கட்டியிருந்தது கறுப்புக் கொடிதான?"

"ஆமா பெரியம்மா. ஸ்ட்ரைக் டைம்ல கட்டுனது. புகைக்கூண்டுல புகைகூட வரையல, கவனிச்சீங்களா? எனக்கு எல்லாம் ஞாபகம் இருந்துச்சு. அதான் ஒண்ணையும் விடாம வரைஞ்சேன்."

அவள் குரலில் அத்தனை பெருமை.

சிரிப்பு ஒரே நேரத்தில் நிற்கவில்லை. முன்வரிசையில் நின்றது. பிறகு நடுவில். நின்றுகொண்டிருந்த தெய்வம்மா மெல்ல உட்கார்ந்தாள். பிள்ளைகள் மட்டும் இன்னும் கொஞ்சநேரம் சிரித்துவிட்டு, தனியாகச் சிரிக்கிறோம் என்று தெரிந்து நிறுத்தினார்கள்.

திரையில் அந்த ஆள் ஏறிக்கொண்டே இருந்தான்.

"தம்பி" என்றாள் மூக்கம்மா. திரும்பவில்லை. வாசலில் அவன் நிற்பது அவளுக்குத் தெரியும்.



விஜயா எழுந்தாள். முழங்கால் வலித்தது. காலையிலிருந்து நின்ற கால்.

"நாந்தாக்கா போகச் சொன்னேன்."

"என்னம்மா?" என்றாள் வனிதா.

"இவ பரீட்சைக்காகச் சொன்னேன். அவரு மாட்டேன்னுதான் இருந்தாரு. நாந்தான்."

"என்னம்மா சொல்றீங்க? எதுக்கு இப்ப..."

"சூடம் அடிச்சாங்க புள்ள" என்றாள் தெய்வம்மா, தரையைப் பார்த்து. "முப்பது பேரும். யாரும் அந்தப் பாதையில ஏறக் கூடாதுன்னு. ஏறுனவன் பேரு லிஸ்ட்டுல வந்துச்சு. ஒச்சப்பண்ணன் பேரு வரல."

வனிதா தெய்வம்மாவைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். பிறகு மூக்கம்மாவைப் பார்த்தாள். அங்கே ரொம்ப நேரம் பார்க்க முடியவில்லை. பாய்ந்துபோய்ப் பிளேயர்மேல் கை வைத்தாள்.

"அணைக்காத" என்றாள் மூக்கம்மா.

"பெரியம்மா..."

"முடியட்டும்."

முடிந்தது. படியேறிய ஆள் பங்களா வாசலில் நின்றான். குனிந்து செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான். மேலே விளக்கு. அவ்வளவுதான் படம்.

மூக்கம்மா மடியிலிருந்த குழந்தையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். அது விழிக்கவில்லை. விஜயா அவள் முகத்தையே பார்த்தாள். அவள் கத்தியிருக்கலாம். மண்ணை வாரித் தூற்றியிருக்கலாம். ஒன்றும் செய்யவில்லை. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஆறு வருஷமாகக் கேட்ட இருமல் மட்டும் ஒரு தடவை வந்தது.

"இத எங்கெல்லாம் காட்டுவாங்க?"

"காலேஜ்ல காட்டுவாங்க. அப்புறம் வேற வேற ஊருக்கு..." வனிதா தலையை ஆட்டினாள். "இல்ல பெரியம்மா. நான் குடுக்கல. கிழிச்சுப் போட்டுர்றேன்."

"கிழிக்காத. திருப்பூர்ல காட்டுவாங்களா?"

"தெரியல பெரியம்மா."

"காட்டச் சொல்லு. அந்த மனுசன் தன் கையிலதான் கோளாறுன்னு இன்னமும் நெனச்சுக்கிட்டுத் திரியுறான். அதுலதான் ஊட்டுக்கு வர மூஞ்சியில்லாமப் போச்சு. நாலு நிமிஷம் ஒக்காந்து பாக்கட்டும்."

"நான் சிடியா அனுப்புறேன்" என்றாள் வனிதா. "பெரியப்பா அட்ரஸ் குடுங்க. நாளைக்கே அனுப்புறேன்."

"எங்கிட்ட ஏது அட்ரஸ்? வேலைய விட்டு வேற பட்டறைக்குப் போயாச்சுன்னாங்க. ரெண்டு வருஷமாக் கடுதாசி இல்ல."

 டிவியில் நீலத்திரை மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

"எங்கிட்ட இருக்கு."

பாண்டியன் நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்திருந்தான்.

மூக்கம்மா இப்போதுதான் திரும்பினாள். விஜயாவும் திரும்பினாள். புருஷன் முகத்தில் அவள் அறியாதது ஒன்றும் இருக்க முடியாது என்று இருபத்துநாலு வருஷமாக நினைத்திருந்தவள்.

"அண்ணன் அட்ரஸ் ஒங்ககிட்ட எப்பிடி வந்துச்சு?" என்று அவள்தான் கேட்டாள்.